வீட்டு முன்னறையில் ஒரு கலையகம்

'பொட்காஸ்ட்' என்ற சொல் 2004 ஆம் ஆண்டு பிறந்தது. அப்பிள் நிறுவனத்தின் 'ஐபொட்' என்ற கையடக்கப் பாட்டுக் கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் 'புரோட்காஸ்ட்' என்ற சொல்லையும் ஒட்டி ஆங்கிலப் பத்திரிகையாளர் ஒருவர் அதை எழுதினார். தமிழில் 'வலையொலி' என்றும் சொல்கிறார்கள். வானொலி நிலையம் எதுவும் இல்லாமல் ஒருவரின் பேச்சைப் பதிந்து, இணையத்தின் வழியே, கேட்பவர் விரும்பிய நேரத்தில் கேட்கத் தருவது பொட்காஸ்ட். அந்த உரையாடலைப் படத்தோடு தந்தால் அது வீடியோ பொட்காஸ்ட்.

நமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவிகள் சிலர் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்புகிறார்கள். கணினிப் பாடம் கற்பிப்பவள் என்பதால் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "டீச்சர், எந்தக் கமரா வாங்கவேணும்?" என்பது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமார் கேட்கும் முதற் கேள்வி, "எவ்வளவு முடியும்?" என்பது. இரண்டுக்கும் விடையை இங்கேயே சொல்லிவிடலாம். கமரா வாங்கத் தேவையில்லை. வீட்டில் இருக்கும் கைத்தொலைபேசி போதும். காசு செலவழிப்பதானால் முதலில் ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள். மென்பொருளுக்கு ஒரு சதமும் வேண்டாம். ஏன் அப்படி என்பதையும், எதை எப்படிச் செய்வது என்பதையும் கீழே ஒழுங்காக விளக்குகிறேன்.

எதைப் பதிவது?

கருவிகளுக்கு முன் இந்தக் கேள்வி வரவேண்டும். நான் பண்டத்தரிப்பில் வசிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஊரின் மூத்தவர்களை எங்கள் வீட்டு முன்னறையில் இருத்தி, அவர்கள் சொல்வதைப் பதிந்து வருகிறேன். பனையோலைப் பெட்டி இழைப்பது, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தது, மாதகல் கடற்கரைக்கு நடந்துபோன காலம், அந்த நாளைய கலியாணச் சாப்பாடு என்று பேச்சு போகும். அவர்களில் இருவர் இன்று இல்லை. அவர்கள் பேசிய சில மணி நேரம் இருக்கிறது. கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகள் அதைப் போட்டுக் கேட்கிறார்கள்.

எங்கள் ஊரில் 1820 இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து தங்கி வைத்தியம் பார்த்தார். அவருடைய கடிதங்கள் அமெரிக்காவில் அச்சாயின. ஆகவே அவர் என்ன நினைத்தார் என்பதை இன்றும் அறியலாம். அவரிடம் மருந்து வாங்கிய பண்டத்தரிப்புப் பெண் ஒருத்தி எப்படிப் பேசினாள், என்ன சொன்னாள் என்பதைக் கேட்க வழியில்லை. குரலைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியை எடிசன் செய்தது 1877 இல்தான். அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காத வசதி இன்று நம் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது.

இன்னொரு காரணம் நமக்கு மிக அண்மையானது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள், இரண்டு மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, போரினால் வலிகாமத்துத் தமிழ் மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். 1990 இல் முப்பது வயதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு தாய்க்கு இப்போது அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்தத் தாய் உங்கள் உம்மும்மாவாக இருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டு போன பொருள் எது, விட்டுப்போன பொருள் எது என்பதை அவர் வாயால் கேட்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்ப்பதோடு, 'ஆவணகம்' என்ற பகுதியில் ஒலி, ஒளிப் பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. அங்கு போய்ச் சில பதிவுகளைக் கேட்டுப் பார்ப்பது உங்களுக்கு நல்ல முதற் பாடம்.

காது முதலில், கண் பிறகு

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். சொல் விளங்காவிட்டால் அரை நிமிடத்தில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களைத் தமிழ்நாடும் சேர்ந்து கேட்ட காலத்தில், பி. எச். அப்துல் ஹமீட்டின் முகத்தை அறியாதவர்களும் அவர் குரலை இரண்டு சொல்லில் அடையாளம் கண்டார்கள். ஒரு பேச்சைத் தாங்கி நிற்பது ஒலிதான்.

கைத்தொலைபேசியில் ஒலிவாங்கி ஏற்கனவே இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது தூரத்தில் இருக்கிறது. ஒலியின் கணக்கு எளிமையானது: வாயிலிருந்து ஒலிவாங்கி இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் ஒலியின் வலு நான்கில் ஒரு பங்காகும். டெசிபெல் அளவில் சொன்னால் 6 குறைகிறது. படம் முழுதாக விழுவதற்காகப் போனை ஆறு அடி தள்ளி வைத்தால், பேசுபவரின் குரல் மெலிந்து, மின்விசிறியின் இரைச்சலும் காகத்தின் சத்தமும் அதற்குச் சமமாக வந்துவிடும். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதே முழு இரகசியம்.

ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவர மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி. வயர் உள்ளவை மலிவு. போயா நிறுவனத்தின் 'பிவை-எம்1' என்ற வகைக்கு 6 மீற்றர் வயர் இருக்கிறது. சிறிய பொத்தான் பற்றறியில் வேலை செய்யும். வாங்கும் முன் உங்கள் போனில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். புதிய போன்கள் பலவற்றில் இல்லை. அவற்றுக்கு ரைப்-சி இணைப்பி ஒன்று வேண்டும். வயர் இல்லாத வகையில், ஒரு துண்டைப் போனில் செருகி மற்றத் துண்டைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். ரோட், டீ.ஜே.ஐ. போன்ற நிறுவனங்களின் இரட்டை ஒலிவாங்கிகள் நன்றாக இருக்கும், விலை கூட. தொடங்குபவருக்கு வயர் உள்ளதே பாதுகாப்பு. பேச்சின் நடுவில் அதன் சார்ஜ் தீராது.

இரண்டாவது, மேசையில் நிறுத்தும் ஒலிவாங்கி. இதில் 'டைனமிக்' என்றும் 'கொண்டென்சர்' என்றும் இரு வகை. கொண்டென்சர் மிக நுட்பமாகக் கேட்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துக் கேட்கும். டைனமிக் தன் முன்னால் கிட்ட நின்று பேசுவதையே பெரும்பாலும் எடுக்கும். மேடைகளில் நீங்கள் காணும் ஷுவர் நிறுவனத்தின் 'எஸ்.எம்.58' டைனமிக் வகை. 1966 இலிருந்து விற்பனையில் இருக்கிறது. சத்தமுள்ள வீட்டுக்கு டைனமிக் பொருந்தும். சாம்சன் நிறுவனத்தின் 'கியூ2யூ' போன்ற டைனமிக் வகைகளை யூ.எஸ்.பி. வயரால் நேரே கணினியில் செருகலாம்.

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம். வீட்டில் இரண்டாவது போன் ஒன்று இருந்தால், அதில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, பேசுபவரின் மடியில் அல்லது முன்னால் உள்ள சிறு மேசையில் வையுங்கள். முதலாவது போன் படத்தை எடுக்கட்டும். இரண்டையும் பிறகு கணினியில் பொருத்தலாம். எங்கள் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த வழியைத்தான்.

சட்டையில் குத்தும் ஒலிவாங்கிக்கு ஒரு குறிப்பு. ஸ்கார்ஃப் அணிபவர்கள் அதைத் துணிக்குள் மறைக்கக்கூடாது. துணி ஒலியை மழுக்கும். அசையும்போது உரசும் சத்தமும் வரும். நெஞ்சுக்கு நேரே, துணியின் வெளிப்பக்கத்தில், பக்கத்துத் துணி வந்து மூடாதபடி ஊசியால் நிறுத்திவிட்டுக் குத்துங்கள். சேலை கட்டிய ஆச்சிமாருக்கு முந்தானையின் ஓரத்தில் குத்தலாம். கண்ணாடி வளையல்களை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

அறையைத் தயார்படுத்துதல்

நம் வீடுகளில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், உயர்ந்த கூரை. அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தத்துக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு வால் நீண்டால், அந்த வால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் நீளும். இதைத் தொகுப்பு மென்பொருளால் முழுதாக எடுக்க முடியாது, பதியும்போதே தடுக்கவேண்டும்.

அதற்குப் பஞ்சும் துணியும் போதும். தரையில் பாயை விரித்து அதன் மேல் போர்வை ஒன்றைப் போடுங்கள். பேசுபவருக்கு எதிரே, படத்தில் விழாத பக்கம், மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். ஒரு கொடி கட்டிச் சேலைகளைத் தொங்கவிடுங்கள். மீண்டும் கை தட்டுங்கள், வால் குறைந்திருக்கும். உடுப்பு அலுமாரி உள்ள சிறிய படுக்கையறை, பெரிய வரவேற்பறையைவிட நல்ல கலையகம்.

வெளிச் சத்தத்துக்கு நேரம் பார்ப்பதே மருந்து. பண்டத்தரிப்பில் காலை ஆறு மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி, ஏழுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோ, எட்டுக்குத் தோட்டத்துப் பம்புகள். பத்து மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஊர் ஓய்ந்திருக்கும். சோளகம் பலமாக வீசும் மாதங்களில் பனையோலைச் சலசலப்புக்காக ஒரு பக்கத்து யன்னலைச் சாத்தவேண்டும். உங்கள் தெருவின் அட்டவணையை இரண்டு நாள் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். பாங்கு நேரத்தையும் அதில் குறியுங்கள். அந்த வேளையில் பதிவை நிறுத்தி, முடிந்தபின் தொடரலாம்.

மின்விசிறியை நிறுத்தவேண்டும்; குளிரூட்டிப் பெட்டியின் ஓசையும் பதிவில் விழும். நம் வெயிலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டு, விசிறியைப் போட்டு, தேநீர் கொடுங்கள். முதியவர்கள் முக்கியமான ஒன்றைச் சொல்வது பெரும்பாலும் அந்தத் தேநீருக்குப் பிறகுதான்.

படமும் வெளிச்சமும்

போனின் பின்பக்கக் கமரா முன்பக்கத்தைவிடத் தரமானது. அதன் கண்ணாடியைப் பருத்தித் துணியால் துடையுங்கள். போனைக் கிடையாக வைத்து, பேசுபவரின் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். மூன்றுகால் தாங்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புத்தக அடுக்கும் இறப்பர் பட்டியும் போதும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் வெளிச்சமும் குவியமும் பூட்டப்படும். பிறகு அவர் கையை ஆட்டினாலும் படம் இருண்டும் வெளுத்தும் துடிக்காது.

வெளிச்சத்துக்கு யன்னல் போதும். பேசுபவர் யன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கவேண்டும். யன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுக்கும். வெயில் நேரே விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியை யன்னலில் கட்டுங்கள், ஒளி மென்மையாகும். முகத்தின் இருண்ட பக்கத்தில் வெள்ளை மட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால் அந்தப் பக்கமும் தெளியும். யன்னல் ஒளியையும் குழல் விளக்கையும் கலக்காதீர்கள். முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி வேறு நிறமாகவும் தெரியும்.

இரவில் விளக்கின் கீழ் பதிபவர்கள் இன்னொன்றைத் தெரிந்திருக்கவேண்டும். இலங்கையின் மின்சாரம் 50 ஹேட்ஸ். ஆகவே சில விளக்குகள் செக்கனுக்கு 100 முறை மினுங்குகின்றன. நம் கண் அதைக் காணாது, கமரா காணும். பல போன்கள் செக்கனுக்கு 30 படம் எடுக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அதனால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊரும். அமைப்பில் 25 படம் என்று மாற்றி, முடிந்தால் 'ஷட்டர்' வேகத்தை 50 இல் ஒரு செக்கனாக வைத்தால் பட்டைகள் மறையும். போனின் சொந்தச் செயலியில் இந்த வசதி இல்லாவிட்டால், பிளக்மேஜிக் நிறுவனத்தின் இலவசக் கமராச் செயலியில் இருக்கிறது.

படத்தின் அளவு 1080பி போதும். ஐபோனில் வழக்கமான எச்.264 வடிவில் இது நிமிடத்துக்குச் சுமார் 130 மெகாபைற். ஒரு மணி நேரத்துக்கு 8 ஜீபி அளவில் வரும். 4கே என்று வைத்தால் மணிக்கு 20 ஜீபியைத் தாண்டும். பேச்சின் பாதியில் 'இடமில்லை' என்று போன் நின்றுவிடுவதைவிடச் சிறிய படம் மேல்.

பதிவு நாளில்

போனை 'ஏரோபிளேன்' நிலையில் போடுங்கள். அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே நின்றுவிடும். பற்றறி நிறைந்திருக்கட்டும். 2022 இல் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. பவர் பாங்க் ஒன்று பக்கத்தில் இருப்பது நல்லது. பற்றறியில் ஓடும் கருவிகளின் நன்மை அப்போது தெரியும்.

ஒலிப்பதிவுச் செயலியில் 'வேவ்' வடிவத்தையும், 48 கிலோஹேட்ஸ், 24 பிற் என்ற அளவையும் தெரிவு செய்யுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் காப்பகங்களுக்குச் சொல்லும் ஆகக் குறைந்த அளவு அது. ஒற்றைத் தடமாக மணிக்கு அரை ஜீபிதான் பிடிக்கும். பேசுபவர் உரத்துச் சிரிக்கும்போது அளவுகாட்டி மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்கட்டும். பூச்சியத்தைத் தொட்டால் ஒலி கிழியும். கிழிந்த ஒலியைத் தைக்க முடியாது.

இரு கருவிகளும் ஓடத் தொடங்கியபின், எல்லோரும் பத்து செக்கன் பேசாமல் இருங்கள். பிறகு கமராவுக்கு முன்னால் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். அந்த மௌனமும் அந்தத் தட்டலும் எதற்கு என்பது தொகுப்பில் விளங்கும்.

கேள்வி கேட்பவருக்கு ஒரு பயிற்சி வேண்டும். நமக்கு யாராவது கதை சொன்னால் "ஓம், ஓம்" என்று இடையிடையே சொல்வது மரியாதை. பதிவில் அந்த 'ஓம்' அவர் சொல்லின் மேல் விழுந்து அழிக்கும். தலையை மட்டும் அசையுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் பாயாமல் ஐந்து செக்கன் பொறுங்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது, உம்மும்மா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்திச்சு" என்பதோடு முடியும். "பெருநாளைக்கு முதல் நாள் குசினியில் யார் யார் இருப்பீங்க?" என்று கேட்டால் ஒரு குடும்பமே எழுந்து வரும்.

உறவினர் புத்தளத்திலோ லண்டனிலோ இருந்தால் 'சூம்' வழியாகவும் பதியலாம். அதன் அமைப்பில் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு இணைப்பு நிற்கும் என்பதை நினைவில் வைத்துப் பேச்சைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் இருப்பவர் தன் இன்னொரு போனில் ஒலியைத் தனியாகப் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது. இணைய வேகம் குறைந்தாலும் அந்தக் கோப்பு உடையாது.

தொகுப்பு

முதலில் ஒலியைச் சுத்தமாக்குவோம். 'ஓடாசிற்றி' என்ற இலவச மென்பொருள் 2000 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பழைய கணினியிலும் ஓடும். பத்து செக்கன் மௌனம் என்றேன் அல்லவா? அதைத் தெரிவு செய்து, இரைச்சல் குறைப்புப் பகுதியில் 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்குக் காட்டவேண்டும். பிறகு முழுப் பதிவையும் தெரிவு செய்து 6 முதல் 12 டெசிபெல் வரை குறைக்கச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் மனிதக் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். 80 ஹேட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டிவிடுங்கள். பேச்சில் அங்கு எதுவும் இல்லை. கடைசியாக, கூடிக் குறையும் ஒலியைச் சமப்படுத்தும் தெரிவில் மைனஸ் 16 என்ற அளவைக் கொடுங்கள். அப்பிள் தன் பொட்காஸ்ட்களுக்குச் சொல்லும் அளவு அது.

அடுத்தது படம். உங்களிடம் உள்ள கணினியைப் பொறுத்து மென்பொருளைத் தெரிவு செய்யுங்கள்.

• 16 ஜீபி நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் இருந்தால் 'டாவின்சி ரிசோல்வ்'. இலவசப் பதிப்பே திரைப்படத் தொகுப்பாளர்கள் பயன்படுத்தும் தரத்தில் இருக்கிறது. படத்தின் மேல் தன் முத்திரையைக் குத்தாது.
• சாதாரணக் கணினிக்கு 'ஷொட்கட்' அல்லது 'கேடென்லைவ்'. இரண்டும் இலவசம், திறந்த மூலம்.
• கணினியே இல்லாவிட்டால் போனில் 'கப்கட்' அல்லது 'கைன்மாஸ்டர்'. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு முத்திரை குத்தும்.
• கணினித் திரையையும் முகத்தையும் சேர்த்துப் பதிய 'ஓ.பி.எஸ். ஸ்ரூடியோ'.

திருட்டுப் பிரதிகள் வேண்டாம். அவற்றோடு வைரஸ் வரும். மேற்சொன்னவை இலவசமாக இருக்கும்போது அவை தேவையும் இல்லை.

படத்தையும் தனியாகப் பதிந்த ஒலியையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். கை தட்டிய இடம் இரண்டிலும் கூரான முள்ளாகத் தெரியும். இரு முட்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் உதடும் சொல்லும் பொருந்தும். சினிமாவில் 'கிளாப்' அடிப்பதும் இதற்காகத்தான். ஒரு மணி நேரத்தின் முடிவில் உதடு முந்திப் பிந்திப் போனால், போன் எடுத்த படம் சீரற்ற வேகத்தில் இருக்கிறது என்று பொருள். 'ஹான்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் அதைச் சீரான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுங்கள்.

தமிழில் வசனவரி போடும்போது நம் நாட்டில் ஒரு சிக்கல் வரும். பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள். பாமினியில் அடித்ததை யூரியூபில் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோட்டில் அடியுங்கள், அல்லது இலவச மாற்றியால் மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் செயலிகள் தமிழும் அறியும். ஆனால் ஓர் உம்மும்மாவின் பேச்சு வழக்கை அவை வேறு ஏதோவாக எழுதும். ஒவ்வொரு வரியையும் நீங்களே கேட்டுத் திருத்தவேண்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமையாளர் கோரிக்கை வரும். யூரியூபின் ஒலி நூலகத்தில் இலவச இசை உண்டு. ஓர் ஆச்சி பேசும்போது பின்னணி இசையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

எதை வெட்டுவது? இருமலை வெட்டலாம்; திரும்பத் திரும்பச் சொன்னதை வெட்டலாம். அவர் மௌனமானதை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்குப் பின்னால் ஒட்டவே கூடாது. அது பொய்.

பெற்றோருக்கு

உங்கள் அச்சம் நியாயமானது. ஒருமுறை இணையத்தில் போனது திரும்பி வராது. ஆகவே வீட்டில் நான்கு விதிகளை வைத்துக்கொள்ளலாம். பேசுபவர் தன் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே தன் வாயால் சொல்லவேண்டும். தொகுத்து முடித்ததை அவருக்குப் போட்டுக் காட்டி, அவர் வேண்டாம் என்ற பகுதியை எடுத்துவிடவேண்டும். வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம், காணி உறுதி விபரம், சிறு பிள்ளைகளின் முகம் வெளியே போகக்கூடாது. யூரியூபில் 'தனிப்பட்டது' என்றோ 'இணைப்பு உள்ளவர் மட்டும்' என்றோ வைத்து, கருத்துப் பகுதியை மூடிவிடலாம்.

பிள்ளையின் முகமோ உம்மும்மாவின் முகமோ தெரியத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ரொட்டி தட்டும் கைகள், ஓலை இழைக்கும் விரல்கள், பழைய திறப்புக் கொத்து, மங்கிய கலியாணப் படம் ஆகியவற்றைக் கமரா பார்த்துக்கொண்டிருக்க, குரல் கதை சொல்லலாம். சில கதைகளுக்கு அந்த முறையே பொருத்தமானது. எல்லாவற்றையும் வெளியிடவேண்டும் என்றும் இல்லை. குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளும் பதிவும் முழுமையான பதிவே.

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. வாங்கும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வயர் உள்ள சட்டை ஒலிவாங்கி. அடுத்தது மூன்றுகால் தாங்கி. அதன்பின் சேமிப்புக்கு ஒரு வெளி 'ஹார்ட் டிஸ்க்'. பத்துப் பதிவு முடித்த பிள்ளை இன்னும் ஆர்வமாக இருந்தால் விளக்கோ இரண்டாவது ஒலிவாங்கியோ பற்றி யோசிக்கலாம். கமரா இந்தப் பட்டியலின் கடைசியில்.

பாதுகாத்தல்

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது எவ்வளவு ஆபத்து என்பதை நம்மவருக்கு வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. எண்ணிமக் கோப்புக்கும் விதி அதுவே: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில். கணினியில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, மாமி வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று.

தொகுத்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் பதிவை அழிக்காதீர்கள். நீங்கள் வெட்டியெறிந்த பத்து நிமிடத்தில் இன்னொருவர் தேடும் விடயம் இருக்கலாம். மூலக் கோப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் 'ஆவணம்' என்ற தெரிவில் அனுப்புங்கள். கோப்புக்குத் திகதி, ஊர், பேசியவர், விடயம் என்று பெயர் வையுங்கள். 'வீடியோ 0047' என்ற பெயரில் உம்மும்மாவை இருபது ஆண்டு கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வரும் தவணை விடுமுறைக்கு மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். யூரியூப் அலைவரிசை தொடங்கவேண்டாம். பெயர், இலச்சினை எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் அல்லது தெருவில் எழுபது வயது தாண்டிய ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, பாயை விரித்து, ஒரு போனைப் புத்தக அடுக்கில் நிமிர்த்தி, மற்றதை அவர் மடியில் வைத்து, இருபது நிமிடம் பேசவிடுங்கள். இரண்டு பிரதி எடுத்த பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள். மிகுதியைக் கணினி அறையில் சேர்ந்து பார்ப்போம்.